லாடம் பதிந்த பலா

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து ஒருவர் கிடாரைப் பார்க்க வருகிறார், பிடித்துவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று முந்தாநாள் இட்லி தின்றுகொண்டே சொன்னாய். விமானத்தில் இவ்வளவு எடைதான் விடுவார்கள், ஜெர்மனியில் போய் வேறு ஒன்று வாங்கிக்கொள்வேன் என்றும் சொன்னாய். உன் அம்மா சட்னிக் கிண்ணத்தை உன் பக்கம் நகர்த்தினாள். நான், "நல்ல ஆள்தானா, விசாரிச்சியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது ஐந்து வருஷமாக எனக்கே தெரியும். நீ விசா வேலையாகச் சென்னைக்குப் போயிருக்கும் இந்த இரண்டு நாளில் எழுதி, கிடார் பையில் நீ தந்தி வைக்கும் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்துவிடுகிறேன். விற்பதற்கு முன் அந்த ஜிப்பை நீ கட்டாயம் திறப்பாய். மிச்சத் தந்தியை யாருக்கும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லையே நீ.

அந்தக் கிடாருக்காக நாம் அலைந்த நாள் உனக்கு நினைவிருக்கும். 2014, நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம். "நீ வாப்பா, உனக்குத்தான் மரம் தெரியும்" என்று என்னைக் கூப்பிட்டாய். மரவாடியில் பத்து வருஷம் மரத்தை அளந்து, தட்டிப் பார்த்து, எது வைரம் எது வெள்ளை என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த வேலைக்குச் சொந்தப் பிள்ளை கொடுத்த முதல் மரியாதை அது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். விழுப்புரத்துக் கடையில் வரிசையாகத் தொங்கிய கிடார்களை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனேன். "இது மரமே இல்லடா, ஒட்டுப்பலகை. மழக்காலத்துல அப்பளமாட்டம் உப்பிக்கும்" என்றேன். கடைக்காரர் எழுந்து வந்து, "சார், வாங்கறதா இருந்தா தட்டுங்க, இது இன்னா தேங்காயா?" என்றார். நீ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாய். நல்ல மனுஷன், கோபம் தணிந்ததும் அவரேதான் சொன்னார், திண்டிவனத்தில் அந்தோணி என்று ஒரு மேஸ்திரி கிடாரைக் கையாலேயே செய்கிறார், சுற்றுப்பட்டுச் சர்ச்சுகளில் பாடுகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் போகிறார்கள் என்று.

திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மூன்று கிடார்கள் முடிந்து தொங்கின. நீ மூன்றையும் வாசித்துப் பார்த்து மூன்றுமே வேண்டும் என்கிற முகத்தோடு நின்றாய். "மூணுமே ஆர்டரு தம்பி" என்றார் அந்தோணி. "ஒனக்குப் புதுசாத்தான் செய்யணும். முன்பலகைக்கு வெள்ள மரம் வெளியூர்லர்ந்து வந்திருக்குது. கழுத்துக்கு வேங்க. வெரல் அழுத்தற எடத்துக்கு பழைய கட்டில் கால்லர்ந்து எடுத்த ஈட்டி வெச்சிருக்கேன். பின்பலகைக்கும் பக்கத்துக்கும்தான் மரம் இல்ல. அப்பா மரவாடி ஆளுன்ற, நீங்களே பாத்துக்கினு வாங்களேன். பூவரசு எடுக்கலாம். பலா கெடச்சா உட்றாதீங்க. பண்ருட்டிப் பலாவுல வீண பேசுது, கிடாரு பேசாதா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். "கிளியனூர் பக்கம் ஒரு மில்லுல, புயல்ல சாஞ்ச பலா ரெண்டு வருசத்துக்கு மேல காஞ்சிக்கினு கெடக்குது. ஜல்தியா போங்க" என்றார்.

கிளியனூர் என்ற பேரைக் கேட்டதும் பேச்சை மாற்றப் பார்த்தேன். வளவனூரில் எனக்குத் தெரிந்த மில் இருக்கிறது, அங்கே போகலாமே என்றேன். உன் காதில் அது விழவே இல்லை. நீ அதற்குள் பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மில்லில் பலகைகள், இடையிடையே சட்டம் வைத்து, காற்றோட்டமாக அடுக்கியிருந்தன. நீ ஒவ்வொன்றாகத் தட்டினாய், என்னைப் போலவே நடுவிரல் கணுவால், தலையைச் சாய்த்துக்கொண்டு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாலைந்து பலகை தள்ளி ஒன்றை இழுத்துப் போட்டாய். மஞ்சள் கிழங்கு நிறத்தில் நல்ல வைரம். நடுவில் கருநீலமாக ஒரு வளைவு. "அப்பா, இதப் பாரேன், பிறை மாதிரி!" என்று கத்தினாய். மில்காரர் வந்தார். "அத உட்டுட்டு வேற எடுங்க தம்பி. அது கறை. உள்ள மாட்டு லாடம் இருந்திச்சி. பாக்காம வெச்சிட்டோம், பிளேடு பல்லு பூட்ச்சி. இரும்பு பட்டா பலா கறுத்துடும்" என்றார். மேசைக்கு அடியிலிருந்த தகரடப்பாவைத் துழாவி, அந்த லாடத்தையே எடுத்துக் காட்டினார். "காய்க்கலன்னு எவனோ அடிச்சிருக்கான்."

"எந்தக் கொல்லையில நின்ன மரம்ங்க?" என்று கேட்டேன். "தார்ரோட்லர்ந்து ஏரிக்கரைக்கிப் போற வழில, மொத மல்லாட்டக் கொல்ல. வரப்பு முக்குல ஒண்டியா நின்னுக்கினு இருந்திச்சி" என்றார். நீ அதைக் கவனிக்காமல் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாய். அவர் சொன்ன அந்த எவனோ நான்தான்.

உனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஒன்று என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறோம், நீயும் மேலே கேட்டதில்லை. அது பெண். 1993 மார்கழியில் பிறந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். பேர் வைக்கவில்லை. பால்மணம் மாறாத பிள்ளையைச் சுட மாட்டார்கள், அதனால் நம் சொந்தக் கொல்லையின் வரப்பு முக்கில் அடக்கம் செய்தோம். நாய் தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டேன். என்றைக்காவது அந்த இடத்தில் ஏர் ஓடிவிடப் போகிறது என்று உன் அம்மாவுக்குப் பயம். ஒரு பலாக்கன்றை வாங்கி வரச்சொல்லி, பச்சை உடம்புக்காரி, தானே வந்து வைத்தாள். மூன்று வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். இரண்டாம் வருஷம் நீ வயிற்றில் இருந்தபோதும் ஊற்றினாள்.

மரம் வளர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை. ஏழு வருஷம் ஆயிற்று. காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிடுவதும், லாடம் அடிப்பதும் நம் பக்கத்து வழக்கம். இரண்டாயிரத்தில் மல்லாட்டை முழுக்கப் பொக்கையாகப் போனது. பிடுங்கிப் போட்ட கடலைச் செடியை உதறினால் பருப்பே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், என் பழைய செருப்பை அந்த மரத்தில் கட்டினேன். மாட்டிலிருந்து கழற்றிய லாடத்தை நெஞ்சு உயரத்தில் வைத்து ஆணி அடித்தேன். அடிக்கும்போது அது எந்த மரம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது என்று சொன்னால் நீ நம்ப வேண்டும். கேப்பைக் கூழ் கொண்டுவந்த உன் அம்மா பார்த்துவிட்டாள். "எம் பொண்ணு மேல செருப்பக் கட்டி வெச்சிருக்கீங்களே" என்றாள். சத்தம் கூடப் போடவில்லை. களைவெட்டியால் கயிற்றை அறுத்துச் செருப்பைத் தூர எறிந்தாள். லாடத்தை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இரண்டு மாதம் சோறு போட்டாள், பேசவில்லை.

மறு வருஷம் மரம் காய்த்தது. அதுவும் லாடத்துக்குப் பக்கத்திலேயே முதல் பிஞ்சு. பார்த்தவர்கள் எல்லாம் என் கைராசி என்றார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூசியது. பழத்தை வீட்டில் யாரும் தொடவில்லை, உன் அம்மா தெருவெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆறு வயது நீ, யாரும் பார்க்காத நேரம் இரண்டு சுளையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாய். நான் கையை ஓங்கினேன். "உடுங்க. அக்கா குடுத்தது, தின்னுட்டுப் போவட்டும்" என்றாள் உன் அம்மா. அவள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் தம்பிதான். யாருக்குத் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கிணறு வற்றி, 2004இல் கொல்லையை விற்றுவிட்டு விழுப்புரத்துக்கு வந்தோம். வாங்கியவர் மரத்தில் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார், கடைசிவரை காப்பாற்றவும் செய்தார். அவர் வெட்டவில்லை, புயல்தான் சாய்த்தது. குறை என்னுடையது. ஒரு மரத்தை வெட்டுவதானால் முதல்நாள் சாயங்காலம் யாராவது ஒருவர் போய், மரத்தில் கை வைத்து, "நாளைக்கி வெட்டப் போறோம், குடியிருக்கறவங்க வேற எடம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது நீ கேள்விப்பட்டதுதான். மரவாடியில் நானே எத்தனையோ பேருக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறேன். வீடு மாறுவதற்கு முதல் நாள் உன் அம்மா அதையேதான் கேட்டாள். "போய் சொல்லிட்டு வாங்க. நாங்க விழுப்புரம் போறோம், தேடாதன்னு சொல்லுங்க. நான் போனா திரும்பி வர மாட்டேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் மழை பெய்து கொல்லை பூராவும் சேறு. தார்ரோட்டில் நின்றேன். அங்கிருந்தே மரத்தின் தலை தெரிந்தது. ஒரு ஆள் நூறு தப்படி நடக்க வேண்டிய தூரம். கால் இறங்கவில்லை. என்ன சொல்வது, உன்மேல் செருப்பைக் கட்டியவன் வந்திருக்கிறேன், உன்னையும் விற்றுவிட்டேன் என்றா? கொல்லையை வாங்கியவர் வந்தார், டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். வெளிச்சம் மங்குகிற வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். "சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "இன்னா சொன்னீங்க?" என்றாள். நல்லா இருன்னு சொன்னேன் என்று ஒரு சேர்மானமும் சேர்த்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டாள். உனக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகும். பொய்யே சொல்லாதே என்று புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் வீட்டுக்காரியிடம் சொல்கிற பொய் சொன்ன இடத்திலேயே கிடக்காது. அது கூடவே குடிவந்துவிடும்.

இப்போது மில்லில் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று உனக்குப் புரியும். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாய். ஏன் என்று சொன்னால் அது உன் அம்மாவரை போகும். அது பாதிக் காரணம்தான். நாம் எடுக்காவிட்டால் வேறு யாரோ எடுத்துக் கட்டில் சட்டமோ கோழிக்கூடோ அடிப்பார்கள் என்று தோன்றியது. இரண்டாம் தடவையும் அவளை அங்கே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு இல்லை. "பலா நல்லா பேசும், எடுத்துக்கோ" என்றேன். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நீ பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாய். நான் மில்காரரிடம் அந்த லாடத்தைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் நீ பலகையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாய், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்துக் கிடார் வந்த அன்று நடந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். நீ அதைச் சுவரில் சாய்த்து வைத்தாய். உன் அம்மா, "சாச்சி வெச்சா உழுந்துடும்" என்று எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். தூசு படும் என்று தன் பழைய பச்சைப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து மேலே போர்த்தினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கடைக்குப் போகிறேன் என்று வெளியே வந்து, எந்தக் கடைக்கும் போகாமல் ரயில்வே கேட் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஐந்து வருஷத்தில் அந்தக் கிடார் இருக்கும் அறைக்குள் நான் தனியாகப் போனதில்லை. சித்திரை வெயிலில், வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில், ஒரு தந்தி தானாக டொய்ங் என்று அதிரும். மரம் சூட்டில் சுருங்குகிறது என்று மரவாடிக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வேர்க்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுரம் எழும்பாமல் விம்மி அடங்குகிறது என்று நீ திண்டிவனத்துக்கு எடுத்துக்கொண்டு போனாய். எல்லா மரத்திலும் அப்படி ஒரு இடம் இருக்கும் என்று அந்தோணி சொன்னதாக வந்து சொன்னாய். நீ வாசிக்கும்போது அந்த இடம் எப்போது வரும் என்று நான் அடுத்த அறையில் காத்துக்கொண்டே இருப்பேன். உன் நெஞ்சோடு ஒட்டி அந்தப் பிறை இருக்கும். பலா வெயில் பட்டுக் காலப்போக்கில் கறுக்கும். மஞ்சள் போய் இப்போது நல்ல பழுப்பாகிவிட்டது, கறையும் மரமும் ஒரே நிறமாகிக்கொண்டு வருகின்றன. இன்னும் கொஞ்ச வருஷத்தில் அது இருந்த சுவடே தெரியாது. நீ விற்கிறேன் என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்கவில்லை. அப்பாடா, போகட்டும் என்றுதான் இருந்தது. கை கழுவிக்கொண்டிருந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவையும் சொல்லாமலேயே அனுப்பப் போகிறோம்.

நேற்று மத்தியானம் உன் அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் அந்த அறைக்குள் போனேன். கட்டிலில் உட்கார்ந்து புடவைத் துண்டை எடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, குப்புறப் படுக்க வைத்தபடியே விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தது தட்டுவது ஒன்றுதான். பிறைக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். அடியில் ஆறு தந்தியும் லேசாக அதிர்ந்து அடங்கின. "அம்மாடி, அன்னிக்கி சொல்லத்தான் வந்தேன். ரோட்டோட நின்னுட்டுத் திரும்பிட்டேன். நாங்க விழுப்புரத்துலதான் இருக்கறோம். தம்பி வெளிநாடு போறான்" என்றேன். செருப்பைப் பற்றியும் சொன்னேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இந்த வயசில் அப்படி அழுதது எனக்கே வெட்கமாக இருந்தது.

"இப்பவாவது சொன்னீங்களே" என்று குரல் கேட்டது. உன் அம்மா பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ரேஷன் கடை பூட்டியிருந்ததாம்.

"அன்னிக்கே தெரியும்" என்றாள். "கொல்ல முச்சூடும் சேறு. உங்க செருப்புல ஒரு பொட்டு செம்மண்ணு இல்ல. சைக்கிள் ஸ்டேண்டு போட்றப்பவே பாத்துட்டேன்." கிடார் விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "லாடத்த சட்டப்பையில வெச்சிக்கினு வந்தா? தொவைக்கறவ நான்தான? நான் இழுத்து இழுத்துப் பாத்த லாடம் எனக்குத் தெரியாதா?" என்றாள். ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "கேட்டா இன்னொரு பொய் சொல்வீங்க. எப்பிடியோ வூட்டுக்கு வந்துட்டா, அது போதும்னு இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து உதறி, பழையபடி போர்த்தினாள். பதினைந்து வருஷம், தம்பி. நான் ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை அவள் தினமும் துடைத்து வைத்திருக்கிறாள்.

விற்க வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவளிடமே கேட்டேன். "அவன் சாமான், அவன் இஷ்டம். குடுத்தாலும் சரி, எடுத்துக்கினு போனாலும் சரி. சொல்லாம மட்டும் அனுப்ப வேணாம்னு எழுதுங்க" என்றாள். பழைய லாடம் பீரோவின் மேல்தட்டில், என் கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பார்.

நீ வெள்ளிக்கிழமை வருவாய். சனிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அந்த அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார். நானும் அம்மாவும் தோட்டத்துப் பக்கம் இருப்போம், எங்கள் காதில் விழாது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, அவள் உனக்குச் சுளை கொடுத்தவள், எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வாள். அக்கா என்று கூப்பிட்டுச் சொல். என்னை மாதிரி ரோட்டோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடாதே.